தைத்து மூடிய பாக்கெட்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றுபோனவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். கியர்க் கம்பி பிடித்துக் காய்த்துப்போன கையில் பேனா நிற்கமாட்டேன் என்கிறது. வரி ஒரு பக்கம் மேட்டில் ஏறுகிறது, மறுபக்கம் பள்ளத்தில் இறங்குகிறது. பிழை தட்டுப்பட்டால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேச்சிலும் நான் இப்படித்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் போன வாய்க்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கிற காக்கிச் சட்டைகள் எல்லாவற்றிலும் இடப்பக்கப் பாக்கெட்டின் வாய் தைத்து மூடியிருக்கும். அதுவும் கறுப்பு நூலால். காக்கி நூல் போட்டிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. என் மனைவி வேண்டுமென்றேதான் கறுப்பு நூலை எடுத்தாள். "தெரியட்டுங்க. கேக்கறவங்க கேக்கட்டும்" என்றாள். கேட்கத்தான் செய்கிறார்கள். புதிதாக வண்டிக்கு வருகிற கண்டக்டர்கள் எல்லாரும் முதல் நாளே கேட்டுவிடுவார்கள். "என்னாங்க டிரைவரே, நெஞ்சுல இருக்கறது வெளிய வந்துருமுன்னு தெச்சுக்கிட்டீங்களா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். லைசென்ஸைப் பேன்ட் பையில் வைத்துக்கொள்கிறேன். பீடி குடிக்கும் பழக்கம் இல்லை. மேல் பாக்கெட் இல்லாமல் ஒரு டிரைவர் பிழைக்க முடியும் என்பதை இந்த வருஷங்களில் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தையலுக்குக் காரணமான மனிதரை நாங்கள் பெரிய டிரைவர் என்று சொல்வோம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் தனியார் பஸ் ஒன்றில் அவரும் நானும் மாற்றி மாற்றி ஓட்டினோம். எண்பதுகளின் தொடக்கம் அது. அவர் முதலாளிக்கு நெருக்கமானவர். வாட்டசாட்டமான ஆள். குரல் இன்னும் பெரியது. பஸ் ஸ்டாண்டில் அவர் சிரித்தால் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை அண்ணா என்பேன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு எதைக் கொடுத்தாலும் கையில் கொடுக்கமாட்டார். சட்டைப் பாக்கெட்டில் தானே திணித்துவிடுவார். வெற்றிலைச் சுருளோ, கடலை மிட்டாயோ, எதுவானாலும் இரண்டு விரலால் பாக்கெட்டை அகட்டி, உள்ளே போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டுவார். தட்டு வாங்கியவனுக்கு அன்றைக்குப் பெருமை. ஸ்டீயரிங் பிடித்திருக்கிற ஆளுக்கு வேறு எப்படிக் கொடுப்பது, அதனால் டிரைவர்கள் மத்தியில் இது வழக்கமும்கூட. நானும் அந்தத் தட்டுக்காக ஏங்கியவன்தான்.

எங்கள் முறை இப்படி. நான் முந்தின நாள் சாயங்காலம் வண்டியை ஒகேனக்கல்லுக்குக் கொண்டுபோய் அங்கேயே படுத்து, விடிந்ததும் ஒரு நடை தர்மபுரி போய்த் திரும்பி வருவேன். மத்தியானம் பெரிய டிரைவர் ஒகேனக்கல்லில் ஸ்டீயரிங்கை வாங்கிக்கொள்வார். அதே வண்டியில் நான் வீட்டுக்குத் திரும்புவேன். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில்தான் என் வீடு. டூட்டி முடிந்த டிரைவருக்கு டிக்கெட் கிடையாது, சீட்டும் கிடையாது. டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜினை மூடியிருக்கிற பேனட்தான் எங்களுக்கு. அதன்மேல் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு உட்கார வேண்டும். கீழே என்ஜின் கொதிக்கும். வெயில் காலத்தில் உட்கார்ந்தால் பேன்ட் அடுப்பில் காய வைத்ததுபோல் ஆகிவிடும். ஆனாலும் அந்த இடத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும், அரசு வண்டியாக இருந்தாலும், காக்கிச் சட்டையோடு கை காட்டினால் நிறுத்தி, "ஏறுங்கண்ணா" என்று பேனட்டில் இடம் ஒதுக்குவார்கள். பதிலுக்கு நாம் டிரைவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும், ஏற்றத்தில் தண்ணீர் கொதித்தால் இறங்கி ரேடியேட்டருக்கு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். பேச்சுக் கொடுக்கத் தெரியாததால் நான் தண்ணீர் மட்டும் ஊற்றுவேன்.

மலைப்பாதையில் வனத்துறையின் செக்போஸ்ட் ஒன்று இருந்தது. ஒகேனக்கல்லிலிருந்து மேலே வருகிற வண்டிகளை அங்கே நிறுத்திச் சந்தனக்கட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கீழே போகிற வண்டிகளைக் கேட்கமாட்டார்கள். பயணிகள் எல்லாரும் பையோடு இறங்க வேண்டும். மூட்டையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். கருவாட்டுப் பையைக்கூட விடமாட்டார்கள். ஆனால் காக்கிச் சட்டை இறங்க வேண்டியதில்லை. ஓட்டுகிற டிரைவர், கண்டக்டர், பேனட்டில் இருக்கிற டூட்டி முடிந்த ஆள், இவர்களை யாரும் தொட்டதில்லை. அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது. தினம் முகம் பார்க்கிற வாட்சர்கள், "என்னாண்ணா, இன்னிக்கு மீனு கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டுத் தடுப்பைத் தூக்குவார்கள். அது ஒரு நடைமுறை. நடைமுறை என்பது எவ்வளவு லேசான நூலில் தொங்குகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு மத்தியானம் பெரிய டிரைவரும் நானும் அருவிக்குப் போகிற வழியிலிருந்த கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோறும் வறுத்த மீனும் சாப்பிட்டோம். தன் இலையிலிருந்த நடுத்துண்டை எடுத்து என் இலையில் போட்டார். "எளச்சுப் போயிட்டடா தம்பி, தின்னு. உம் பொண்டாட்டி களிய மட்டும் கிண்டிப் போடறாளா?" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது தெரிந்த பரிசல்காரர் ஒருவர் வந்து அவரிடம் ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்தார். விரல் நீளம்தான். ஒரு பக்கம் பட்டைகூட உரிக்கவில்லை. பெரிய டிரைவர் அதை மோந்து பார்த்துச் சிரித்தார். வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே முருகன் படம் ஒன்று வைத்திருந்தார். தினம் வண்டியை எடுக்கும் முன் அதற்குச் சந்தனம் உரைத்து வைப்பது அவர் வேலை. கல்லும் கட்டையும் அவர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். பழைய கட்டை தேய்ந்துபோயிருந்தது. நான் அந்தப் பூஜைக்குப் போகிறதில்லை, ஏனென்றால் நாங்கள் வேதக்காரர்கள். என் கழுத்தில் என் தகப்பனார் போட்டுவிட்ட சிலுவை கிடந்தது. இன்றைக்கும் கிடக்கிறது.

வண்டி மலையேறிச் செக்போஸ்டை நெருங்கியபோது முன்னால் ஒரு புளி லாரியை நிறுத்திவைத்திருந்தார்கள். வழக்கமான வாட்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்க, முகம் தெரியாத ஒரு அதிகாரி லாரி டிரைவரின் சீட்டையே கழற்றிக் கீழே இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. அன்று காலையில்தான் அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பெரிய டிரைவர் குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கட்டையை எடுத்தார். "புது ஆளு போல இருக்குது. சீட்டக் கூட உடமாட்டங்கறான். உங்கிட்ட இருக்கட்டும்டா தம்பி. டூட்டி முடிஞ்சு போறவன எவன் தொடப் போறான்?" என்றார். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு விரலால் என் பாக்கெட்டை அகட்டினார், உள்ளே போட்டார், மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

இதுவரைக்கும் நடந்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்தப் பாதையில் பேனட்டில் இருக்கிற காக்கிச் சட்டையின் பாக்கெட்டைவிடப் பத்திரமான இடம் அதுவரை இருந்ததில்லை.

அதிகாரி வண்டியின் முன்படியில் ஏறினார். பெரிய டிரைவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ யாரு?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் பெரிய டிரைவர், "நம்ம ஸ்டாஃபுங்க சார், டூட்டி முடிஞ்சு வூட்டுக்குப் போறான்" என்று சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "வண்டி ஓட்டறவன், டிக்கெட் கிழிக்கறவன், இந்த ரெண்டு பேருதான் ஸ்டாஃப். மத்தவன் காக்கி போட்டிருந்தாலும் ஒண்ணுதான், கோவணம் கட்டியிருந்தாலும் ஒண்ணுதான். பாசஞ்சர்தான். எறங்கு" என்றார். நான் பெரிய டிரைவரைப் பார்த்தேன். "எறங்காதடா, நான் பேசறேன்" என்று என் பக்கம் முணுமுணுத்துவிட்டு, "சார், இத்தன வருசமா இப்பிடி ஒரு வழக்கமே இல்லீங்களே" என்றார். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதிலை நான் மறக்கவில்லை. "ஓட்டறவன் கை ஸ்டீயரிங்ல இருக்குது. உக்காந்து வர்றவன் கைதான் சும்மா இருக்குது. சும்மா இருக்கற கையைத்தான்யா மொதல்ல பாக்கணும்."

என்னை இறக்கினார்கள். பயணிகளும் இறங்கி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், எல்லாரையும்விட முதலில், என் கைகளைத் தூக்கச் சொன்னார்கள். தடவ வேண்டிய தேவையே இருக்கவில்லை. வாசனையே காட்டிக்கொடுத்தது. அதிகாரி கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பட்டையை நகத்தால் சுரண்டினார். "கடையில வாங்குனது இல்ல. பச்சக் கட்ட" என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "கழுத்துல சிலுவ, பாக்கெட்டுல சந்தனமா? எந்தச் சாமிக்குடா கொண்டுபோற? யார் குடுத்தா?"

அந்தக் கேள்வியிலேயே விடை இருந்தது. வண்டியில் முருகன் படம் மாட்டியிருந்தது யார் என்று கண்டக்டருக்குத் தெரியும். தினம் வந்துபோகிற பயணிகளுக்குத் தெரியும். வாட்சர்களுக்கும் தெரியும். அவர்கள் நெற்றியிலேயே எத்தனையோ நாள் பெரிய டிரைவர் உரைத்த சந்தனம் இருந்திருக்கிறது. நான் பேசவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தாலும் உண்மையான காரணம் அது இல்லை. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். நான் பேசறேன் என்று சொன்னவர் அவர்தானே. என் விரலில் இன்னும் மீன் வாசனை போகவில்லை, அவர் எடுத்துப்போட்ட நடுத்துண்டின் வாசனை. என்னைவிடப் பெரியவர், பேசத் தெரிந்தவர், முதலாளிக்கு வேண்டியவர். 'அது நம்ம வண்டிச் சாமிக்குங்க, நான்தான் குடுத்தேன்' என்று அவர் சொல்லியிருந்தால், விரல் நீளக் கட்டைக்கு என்ன ஆகியிருக்கும்? திட்டியிருப்பார்கள், கட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கிளீனர் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த கண்ணாடி அது. துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "நமக்குத் தெரியாதுங்க சார். வழியில ஏறற ஆளு பாக்கெட்டுல என்ன வெச்சிருக்கறான்னு நாம என்னத்தக் கண்டோம்?"

வழியில் ஏறுகிற ஆள். அந்தச் சொல்லை இப்போது எழுதும்போதும் பேனா நின்று நின்றுதான் போகிறது. அன்று காலை முழுக்க அதே வண்டியை ஓட்டியவன் நான். அந்த ஸ்டீயரிங்கில் என் கை வேர்வை இன்னும் காய்ந்திருக்காது.

வண்டியைப் போகச் சொன்னார்கள். பயணிகள் ஏறினார்கள். ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து வந்த கன்னடக்காரக் கிழவி ஒருத்தி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "பாப, பாப" என்றாள். பாவம் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அன்றைக்கு எனக்காக யாராவது வாய் திறந்தார்கள் என்றால் அது அவள்தான். வாட்சர் தடுப்பைத் தூக்கினார். தடுப்பைத் தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பது எங்கள் வழக்கம். நன்றி சொல்கிற மாதிரி. பெரிய டிரைவர் அன்றைக்கும் இரண்டு தடவை அடித்தார். மறக்காமல் அடித்தார். வண்டி வளைவில் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்துவார், இறங்கி வருவார் என்று அப்போதும் நினைத்தேன் என்றால் என்னை நீங்கள் என்ன சொல்வீர்களோ, சொல்லிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம்வரை புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். பிறகு அதிகாரி கூப்பிட்டு என் லைசென்ஸை வாங்கி மேஜை டிராயரில் போட்டார். "இது உன் கட்ட இல்லன்னு எனக்குத் தெரியுது. குடுத்தவனக் கூட்டியா. அவன் வந்து ஒத்துக்கிட்டா, இத எடுத்துக்கிட்டுப் போயிடலாம். வரலீனா நீதான்" என்றார். அவரையும் நான் நல்லவர் என்று சொல்லமாட்டேன். என்னைக் கூட்டத்தின் நடுவில் கை தூக்க வைத்தவர் அவர். ஆனால் சும்மா இருக்கிற கையை முதலில் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன், முடியவில்லை. என் விஷயத்தில் கட்டையை வைத்தது ஸ்டீயரிங் பிடித்திருந்த கை, அவ்வளவுதான்.

ஆக, ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அந்த வார்த்தை வந்தால் லைசென்ஸ் வரும், லைசென்ஸ் வந்தால் சோறு வரும். எனக்குப் போய்க் கேட்கத் தைரியம் இல்லை என்று தெரிந்துகொண்டு என் மனைவியே தர்மபுரியில் பெரிய டிரைவர் வீட்டுக்குப் போனாள். நான் தெருமுனையில் நின்றேன். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அவளை உட்காரச் சொல்லி, தன் மனைவியிடம் காபி கொண்டுவரச் சொன்னாராம். "ஏம்மா, நான் போயி ஒத்துக்கிட்டா என் வேல போயிரும். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அவனுக்கு வயசிருக்குது, வேற வேல கெடைக்கும். நாலு நாள் போனா அந்த ஆபீசரே மறந்துருவான், விடும்மா" என்றாராம். குரல் தழுதழுக்கச் சொன்னாராம். என் மனைவி காபியைத் தொடாமல் எழுந்தாள். "குடிச்சிட்டுப் போம்மா" என்று அந்த அம்மாள் சொன்னதற்கு, "வேணாங்கக்கா. உங்கூட்டுக் காப்பியில சந்தன வாசம் அடிக்குது" என்று சொல்லிவிட்டு வந்தாள். தெருமுனையில் என்னைப் பார்த்ததும்தான் அழுதாள். அழுகை என்னைப் பார்த்தா அவரை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

முதலாளி என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லைசென்ஸ் இல்லாத டிரைவரை வைத்து அவர் என்ன செய்வார்? அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் நடந்ததுதான் தாங்கவில்லை. என் பாக்கெட்டில் கட்டை அகப்பட்டதைச் சொல்லிச் சொல்லியே அந்த அதிகாரி தன் சட்டத்தை நிலைநிறுத்திவிட்டார். அன்றிலிருந்து டூட்டி முடிந்து பேனட்டில் வருகிற எவனாக இருந்தாலும், முதலில் இறங்கிக் கையைத் தூக்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள். அரசு வண்டிக்காரர்களுக்கும் அதே கதிதான். அவர்கள் அவமானம் எல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. "இந்தத் திருட்டுப் பயலாலதான்டா நாங்க தெனம் கையத் தூக்கிக்கிட்டு நிக்கறோம்" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குப் பாக்கெட்டு என்று பேர் வைத்தார்கள். "பாக்கெட்டு வர்றாரு, வழி உடுங்கடா, வாசன அடிக்கும்" என்பார்கள். பெரிய டிரைவரும் அந்தக் கூட்டத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர்கள் சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்துகிற அதே சிரிப்பு. பேனட்டில் எனக்கு இடம் கொடுக்க யாரும் வண்டியை நிறுத்தவில்லை.

புளி உடைக்கப் போனேன். மாங்காய் சீசனில் மண்டியில் கூடை தூக்கினேன். பொம்மிடி ஸ்டேஷனில் சரக்கு இறக்கினேன். அதெல்லாம் கேவலமான வேலை இல்லை. ஆனால் ரோட்டில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் என் இடது கால் கிளட்சைத் தேடி அழுத்தும். ராத்திரி தூக்கத்திலும் அழுத்துகிறேன் என்று என் மனைவி சொன்னாள். பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன், ஒரு மனிதரை வெறுக்கிறேன் என்று. மன்னித்துவிடு, பாரம் குறையும் என்றார். முயன்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற செபத்தில், பிறரை மன்னிப்பதைப் பற்றி ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது என் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் திரும்பவும் சேர்ந்துகொள்வேன். பொய் சொல்வதைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஒரு மாங்காய் சீசன் போய் அடுத்த சீசன் வந்தபோது அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் டிராயரைக் காலி செய்தபோது என் லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. பழைய வாட்சர் ஒருவர் சொல்லி அனுப்ப, நான் போய் நின்றேன். "இது யாருதுய்யா, எதுக்கு இங்க கெடக்குது?" என்று கேட்டார் புதியவர். வழக்கு என்று எதுவும் பதிவாகவே இல்லையாம். எடுத்துக்கொண்டு போ என்றார். அவ்வளவுதான். நான் இழந்ததற்கெல்லாம் பேர் சொல்ல ஒரு வழக்குக்கூட இருக்கவில்லை. வேறு முதலாளி ஒருவர் வேலை கொடுத்தார். புதுக் காக்கிச் சட்டை தைத்து வந்த அன்றுதான் என் மனைவி ஊசியும் கறுப்பு நூலும் எடுத்து உட்கார்ந்தாள். அதிகாரி போனாலும் அவர் போட்ட சட்டம் போகவில்லை. பேனட்டில் வருகிறவன் இன்றைக்கும் முதலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

நேற்று ஆடிப் பெருக்கு. ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இல்லை. மத்தியான நடைக்கு நான் வண்டியை எடுக்கும்போது உள்ளே மூச்சுவிட வழி இல்லாத கூட்டம். அந்த நெரிசலில் ஈரத் தலையோடு, வெள்ளை வேட்டி சட்டையில், ஒரு பெரியவர் முன்படியில் தட்டுத்தடுமாறி ஏறினார். பேனட்டைப் பார்த்ததும், யாரையும் கேட்காமல், சாக்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய டிரைவர்தான். கண்பார்வை மங்கி வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. என் முகத்தைக் கிட்டத்தில் வந்து உற்றுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

"அட, தம்பியாடா நீயி! நல்லாருக்கறயா? புள்ளைங்க படிக்குதா?" என்றார். குரல் மட்டும் குறையவில்லை. நான் தலையை ஆட்டினேன். "நல்லாத்தான் ஓட்டறடா. அந்தக் காலத்துல நான் சொல்லுவேன், இவன் பேசமாட்டான், வண்டிதான் பேசும்னு." என் பின்னால் நின்ற கண்டக்டரிடம், "இவன் யாருன்னு நெனச்ச? எங்கையில வேல பழகுனவன்" என்றார். அது உண்மையும் இல்லை. ஏற்றம் முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார், பேனட்டில் உட்கார்ந்தவன் பேச வேண்டும் என்கிற பழைய முறைப்படி. மகள்கள் கல்யாணம், மருமகன், முட்டிவலி எல்லாம் வந்தது. அந்த ஒரு நாள் மட்டும் வரவில்லை. வருமோ என்று நானும் காது கொடுத்துக்கொண்டுதான் ஓட்டினேன். இத்தனை வருஷம் கழித்தும் காத்திருந்தேன்.

செக்போஸ்டுக்கு முன்னால் உள்ள வளைவில் அவர் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆற்றங்கரைக் கோயில் விபூதி. "கையெடுக்காதடா, நான் வெக்கறேன். உன் சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்று சிரித்துக்கொண்டே, என் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டினார். இரண்டு விரலால் பாக்கெட்டை அகட்டப் பார்த்தார். விரல் வழுக்கியது. கண் சரியாகத் தெரியாததால் மறுபடியும் முயன்றார். நகம் தையலில் மாட்டிச் சரக்கென்று ஒரு சத்தம். பிறகு மூன்று விரலால் அந்த நூலைக் குருடன் தடவுவதுபோல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார்.

"என்னடா இது? தெச்சு வெச்சிருக்கற?"

"ஆமாங்கண்ணா" என்றேன். "தட்டறதுக்கு ஆளு இருக்கறாங்க. புடிச்சா ஒத்துக்கறதுக்கு ஆளு இல்லீங்க."

வாழ்க்கையில் நான் தயங்காமல் பேசிய வார்த்தைகள் அவைதான் என்று நினைக்கிறேன். சத்தமாகக்கூடப் பேசவில்லை. என்ஜின் இரைச்சலில் கண்டக்டருக்குக் கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. நீட்டிய கை பொட்டலத்தோடு அப்படியே மடிக்குத் திரும்பியது. அதற்குள் செக்போஸ்ட் வந்துவிட்டது. இளவயசு வாட்சர் ஒருவன் படியில் ஏறி, "பேனட்ல யாரு? எறங்குங்க பெருசு, மொதல்ல நீங்கதான்" என்றான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நம்ம ஸ்டாஃபுதான் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். துணி கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அதை எடுக்கவில்லை.

கூட்டத்துக்கு முன்னால் அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். அவரிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்களைச் சோதித்து முடித்ததும் எல்லாரும் திமுதிமுவென்று ஏறிவிட்டார்கள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தார். தடுப்பு தூக்கியாகிவிட்டது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. "போலாம் ரைட்" என்றார் கண்டக்டர், ஆள் இன்னும் ஏறவில்லை என்று கவனிக்காமல். முதல் கியர் போட்டிருந்தால் போதும், கணக்குத் தீர்ந்திருக்கும். நான் போடவில்லை. இரக்கத்தால் இல்லை. அவர் ஏறி, திரும்பவும் அதே பேனட்டில், தைத்த அந்தப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், தர்மபுரி வரைக்கும் உட்கார்ந்து வர வேண்டும் என்று எனக்கு இருந்தது. உட்கார்ந்துதான் வந்தார். பேச்சு நின்ற பேனட்டில் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. இறங்கும்போது விபூதிப் பொட்டலத்தைச் சாக்கின்மேல் விட்டுவிட்டுப் போனார். கண்டக்டர் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நான் தொடவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஆடிக் கூட்டத்தின் வேர்வையும் புழுதியும் ஏறியிருந்தது. ஊறப்போடும் முன் என் மனைவி பாக்கெட்டைப் பார்த்தாள். அவர் நகம் மாட்டிய இடத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. என்ன ஆனது என்று கேட்டாள், சொன்னேன். பிறகு, "போதுங்க, மீதியையும் பிரிச்சுடட்டுமா?" என்று கேட்டாள். எனக்காகக் கேட்கிறாளா, தனக்கே சலித்துவிட்டதா தெரியவில்லை. நான் சட்டையைத் திரும்ப வாங்கி, திறந்திருந்த அந்த வாயில் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே நூல் பிசிறும் பழைய தூசியும்தான் இருந்தன. சட்டையை அவளிடமே கொடுத்தேன். இன்று காலை சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது பார்த்தேன். விட்டுப்போன இடத்தில் அதே கறுப்பு நூலால், இரட்டையாகத் தைத்திருந்தாள்.

எழுதி முடித்தது: ஆடிப் பெருக்குக்கு மறுநாள், 1989.